5 கிலோவாட் நிம்மதி: சாட்ஸ்வர்த் வீட்டில் ஓர் இன்வெர்ட்டர்

2023ஆம் ஆண்டு மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (தெரு மின்சாரம், சோலார், பேட்டரி மூன்றையும் சேர்த்துக் கையாளும் கருவி) ஒன்றும், 5.12 கிலோவாட்மணி லித்தியம் பேட்டரி ஒன்றும், கூரையில் ஆறு சோலார் பலகைகளும் வாங்கிப் பொருத்தினோம். அவற்றைப் பற்றிய மதிப்புரை இது. இங்கே கிடைக்கும் பல பிராண்டுகள் இந்த அளவில் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் வருகின்றன என்பதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட இந்த வகைப் பொருளைப் பற்றிச் சொல்வதே வாசகருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் நன்றாக வேலை செய்கிறது. வாங்கியதற்காக நாங்கள் வருந்தவில்லை. ஆனால் இது ஒரு வீட்டுக்குள் வந்த பிறகு, அந்த வீட்டில் உள்ளவர்கள் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதும் இதன் செயல்பாட்டில் ஒரு பகுதிதான். விற்பனைத் தாளில் அது அச்சிடப்படுவதில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்குச் சிறிது பின்னணி தேவைப்படும். 2007ஆம் ஆண்டு வாக்கில் மின் உற்பத்தித் திறன் போதாமல் போகும் என்று 1998இலேயே அரசின் எரிசக்திக் கொள்கை அறிக்கை எச்சரித்திருந்தது. புதிய நிலையங்கள் உரிய காலத்தில் கட்டப்படவில்லை. எச்சரிக்கை குறிப்பிட்ட அதே 2007இன் முடிவிலேயே முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் தொடங்கியது. 2008 ஜனவரியில் பெரிய சுரங்கங்களே வேலையை நிறுத்த நேர்ந்தது. 2007, 2008 வாக்கில் கட்டத் தொடங்கிய மெடுப்பி, குசிலே என்னும் இரு பெரும் நிலக்கரி நிலையங்களும் பல ஆண்டுகள் தாமதமாகி, பழுதுகளோடுதான் ஓடத் தொடங்கின. 2023 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவர் மின்சாரத்துக்காகவே தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அந்த ஆண்டில் மின்வெட்டு இல்லாத நாட்களே அரிதாக இருந்தன. ஆறாம் கட்டம் என்றால் நாடு முழுவதும் 6,000 மெகாவாட் வரை வெட்டப்படுகிறது என்று பொருள். ஒரு வீட்டுக்கு அது இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று பகலிலும் இரவிலும் பிரித்து வந்து சேரும். 2024 மார்ச் 26 முதல் தொடர் மின்வெட்டு நின்றது. 2025இன் முதற்பாதியில் சில நாட்கள் மீண்டும் வந்துபோனது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். இன்வெர்ட்டரைப் பொருத்தும் மின்பணியாளர் முதலில் செய்வது, வீட்டின் டிபி பெட்டியை (மின்சுற்றுகள் பிரியும் சுவிட்சுப் பெட்டியை) இரண்டாகப் பிரிப்பதுதான். விளக்குகள், ஃபிரிட்ஜ், இணைய ரூட்டர், தொலைக்காட்சி, மின்விசிறிகள், வாசல் கேட் மோட்டார், அலாரம் ஆகியவை ஒரு பக்கம் வரும். கீசர், அடுப்பு, ஏசி ஆகியவை மறுபக்கம் போகும். மின்வெட்டின்போது அவை அணைந்தே இருக்கும். மாற்றம் நடக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குள் ரிலே ஒருமுறை சொடுக்கும் ஒலி மட்டும் கேட்கும்; கணினி அணையாது, தொலைக்காட்சியில் படம் நிற்காது. வெளியில் மின்சாரம் போனவுடன் இன்வெர்ட்டர் தெருக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்படித் துண்டிக்காவிட்டால், கம்பியைச் சரிசெய்ய ஏறும் நகராட்சித் தொழிலாளியின் உடலில் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடும். ஆகவே தரச்சான்று பெற்ற இன்வெர்ட்டரையும், மின்பணியாளர் எழுதித்தரும் இணக்கச் சான்றிதழையும் தவிர்த்துவிட்டு மலிவாக முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பேட்டரியின் கணக்கு எளிமையானது. 5.12 கிலோவாட்மணியில் 85 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாக வைத்தால் சுமார் 4.3 கிலோவாட்மணி கிடைக்கும். எங்கள் வீட்டின் இரவுச் சுமை, இன்வெர்ட்டர் தானே எடுத்துக்கொள்ளும் சிறு அளவையும் சேர்த்து, 450 வாட் அளவில் நிற்கிறது. ஆகவே ஒன்பது மணி நேரம் கவலையின்றி ஓடும். மின்கெட்டிலை ஐந்து நிமிடம் போடுவதில் சிக்கல் இல்லை. இஸ்திரிப் பெட்டியையும் மைக்ரோவேவையும் கெட்டிலோடு சேர்த்துப் போட்டால் சுமை 5 கிலோவாட்டைத் தாண்டி, எச்சரிக்கை ஒலி எழும்பி, அனைத்தும் அணைந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் ஓரிரு வாரங்களில் இதற்குப் பழகிவிடுவார்கள். பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. பத்து ஆண்டு உத்தரவாதம் உண்டு.

குறைகளைச் சொல்ல வேண்டும். டர்பனின் ஈரக்காற்றும் கடல் உப்பும் எந்த மின்கருவிக்கும் நல்லதல்ல. இன்வெர்ட்டரைக் கராஜின் திறந்த பக்கத்தில் மாட்டியிருப்பவர்கள் அதன் அடிப்பக்க இணைப்பு முனைகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை பல்லிதான். வெதுவெதுப்பான இடம் என்று விசிறித் துளை வழியாக உள்ளே போய், சர்க்யூட் பலகையின் மேல் கிடந்து, தானும் செத்துக் கருவியையும் கெடுத்துவிடும். பழுது பார்க்கத் திறந்தபோது எங்கள் பெட்டிக்குள் உலர்ந்து ஒட்டியிருந்த பல்லியின் வால்பகுதி இரண்டு முனைகளைத் தொட்டுக்கொண்டு கிடந்ததை நானே பார்த்தேன். இந்தப் பழுது உத்தரவாதத்தில் சேராது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். மெல்லிய கம்பி வலையைத் துளைகளின் மேல் ஒட்டிவிட்டால் போதும். பொருத்தும் நாளிலேயே அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கோடை மாலைகளின் இடி மின்னலுக்கு எதிராக மின்னெழுச்சித் தடுப்பானையும் தனியே கேட்க வேண்டும். பல விலைப்புள்ளிகளில் அது விடுபட்டிருக்கும்.

விலை பெரிய குறை. பலகைகளோடு எங்களுக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் ஆயிற்று. புதிய சோலார் பலகைகளின் விலையில் 25 விழுக்காட்டை, 15,000 ராண்ட் வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று 2023 மார்ச் முதல் ஓராண்டுக்கு அரசு சலுகை அளித்தது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்களுக்கு மட்டுமே அதனால் பயன் இருந்தது. அதே 2023 ஏப்ரலில் முதியோர் உதவித்தொகை மாதம் 2,080 ராண்ட். எங்கள் வீடு, சாட்ஸ்வர்த்தின் பல வீடுகளைப் போலவே, நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளில் ஒரு பாதி. மறுபாதியில் இருக்கும் மூதாட்டி, நாங்கள் ஆயா என்று அழைப்பவர், அந்த உதவித்தொகையில்தான் வாழ்கிறார். ஒரே சுவரின் இந்தப் பக்கத்தில் மின்வெட்டு முடிந்துபோன விஷயமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் அது இரவு எட்டு மணிக்கு மெழுகுவர்த்தியோடு தொடங்கியது.

பொருளின் மிகப் பெரிய விளைவாக நான் கண்டது இதைத்தான். மின்வெட்டு இருந்த காலத்தில் எல்லோருடைய கைப்பேசியிலும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்கும் செயலி ஒன்று இருந்தது. அதன் ஒலி கேட்டதும் தெருவே ஒரே நேரத்தில் அரிசி வைக்கவும் துணி தேய்க்கவும் விரைந்தது. எந்தக் கட்டம், எந்த நிலையத்தில் எத்தனை அலகுகள் பழுது, துணை மின்நிலையத்தில் என்ன கோளாறு என்பதெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. இன்வெர்ட்டர் வந்த சில வாரங்களில் அந்தச் செயலி எங்கள் வீட்டுக் கைப்பேசிகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள இன்வெர்ட்டரின் திரையைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. விழிப்பு என்பதை நாம் ஒரு நற்குணமாகப் பேசுகிறோம். பெரும்பாலும் அது உடம்பில் உறுத்தும் ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. உறுத்தல் போனபின் விழித்திருக்கத் தனியாக முயற்சி வேண்டும். அந்த முயற்சிக்கு அன்றாட வாழ்க்கையில் நேரம் ஒதுக்குபவர்கள் மிகச் சிலர்.

எங்கள் தெருக்காரர்கள் மாதந்தோறும் பள்ளிக்கூட அறையில் கூடி, நகராட்சிக்கு மனு எழுதுவதும், வட்டார உறுப்பினரை அழைத்துக் கேள்வி கேட்பதும் வழக்கம். 2022இல் அந்த அறையில் நிற்க இடம் இருக்காது. அடுத்த ஆண்டின் இறுதியில் வந்தவர்கள் பெரும்பாலும் இன்வெர்ட்டர் வாங்க முடியாதவர்கள். முதலில் வராமல் போனவர்கள் யார் என்பது முக்கியம். ஆசிரியர், கணக்காளர், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கடை வைத்திருப்பவர் ஆகியோரே முதலில் நின்றார்கள். மனுவை அதிகாரிக்குப் புரியும் மொழியில் எழுதத் தெரிந்தவர்களும், தொலைபேசியில் அதிகாரியை விடாமல் துரத்தும் தெம்பும் நேரமும் உள்ளவர்களும் அவர்களே. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் நைஜீரிய ரயில்வேயைப் பற்றி இதையே சுட்டிக்காட்டினார். லாரிகள் என்ற மாற்று வழி கிடைத்தவுடன், சேவை கெட்டுப்போனால் உரத்துக் குரல் எழுப்பியிருக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் சத்தமின்றி விலகிவிட்டார்கள். அதனால் ரயில்வே திருந்த வேண்டிய நெருக்கடியே இல்லாமல் போயிற்று. போட்டி இருந்தால் சேவை சீராகும் என்று நாம் படித்த பாடம், பொதுச் சேவைகளில் இப்படித் தலைகீழாகவும் நடக்கிறது.

பணத்திலும் இதே கதைதான். நாட்டின் கூரைச் சோலார் திறன் 2022 மார்ச்சில் சுமார் 1,000 மெகாவாட்டாக இருந்து 2023 ஜூனில் 4,400 மெகாவாட்டைத் தாண்டியதாக அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மதிப்பீடு சொன்னது. மின்வெட்டு தணிந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. பகல் நேரச் சுமை குறைந்தது உண்மை. அதே நேரத்தில் எஸ்காமின் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடும், 2024இல் 12.74 விழுக்காடும் உயர அனுமதிக்கப்பட்டது. நகராட்சிகள் மின்சார விற்பனையில் கிடைக்கும் உபரியைக் கொண்டுதான் தெருவிளக்கு முதல் பூங்கா வரை பல செலவுகளைச் சமாளிக்கின்றன. அதிகம் வாங்கியவர்கள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டால், கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு முன்கூட்டிப் பணம் கட்டும் அட்டை மீட்டரில் 50 ராண்டுக்கும் 100 ராண்டுக்கும் மின்சாரம் வாங்குபவர்கள் தலையில்தான் விழும். எங்கள் மாதக் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயாவின் 100 ராண்டுக்குக் கிடைக்கும் அலகுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன.

இந்தப் பொருளே அண்டை வீட்டாருக்கு நேரடியாகச் செய்யும் தீங்கு ஒன்றும் உண்டு. இதைப் பற்றிப் பயனர்கள் அதிகம் பேசுவதில்லை. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நேரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்குகின்றன. 50 ஆம்பியர் என்று அமைத்திருந்தால் ஒரு வீடு அதற்கு மட்டும் 2.5 கிலோவாட் இழுக்கும். நாற்பது வீடுகள் இருந்தால் 100 கிலோவாட்; அதோடு குளிர்ந்துபோன கீசர்கள் ஒவ்வொன்றும் 3 கிலோவாட் இழுக்கும். பழைய மின்மாற்றி இந்தத் திடீர்ச் சுமையைத் தாங்காமல் விழுந்தால், அட்டவணைப்படி இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய இருட்டு இரண்டு நாள் நீளும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் அதைக்கூட முதல் சில மணி நேரம் அறியமாட்டார். தீர்வு மிக எளிது. அமைப்புப் பட்டியலில் சார்ஜ் மின்னோட்டத்தை 20 ஆம்பியருக்குக் குறையுங்கள். இரண்டு மணி நேர மின்வெட்டில் நாம் செலவிடுவது ஒரு கிலோவாட்மணிக்கும் குறைவு. 20 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடும். நமக்கு எந்தக் குறையும் நேராது. கீசருக்கு நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தி, மின்சாரம் வந்து ஒரு மணி நேரம் கழித்து ஓடும்படி வையுங்கள். எங்கள் தெருவில் வீடுவீடாகச் சென்று இதைச் செய்தபோது மறுத்தவர் எவரும் இல்லை. எவரும் இதை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

வசதியைத் தேர்ந்தவர்களைக் கோழைகள் என்றோ தன்னலக்காரர்கள் என்றோ திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. என் சித்தப்பா மகனிடம் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "மூணு வருஷமா கூட்டத்துக்குப் போனோமே அண்ணே, என்ன கிடைச்சுது? பெட்டியை வாங்கி மாட்டினேன், அன்னைக்கு ராத்திரியே விளக்கு எரிஞ்சுது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கூட்டம் தரும் பலன் எப்போது வரும், வருமா என்றே தெரியாது. வந்தாலும் அது எல்லோருக்கும் பொதுவாகத்தான் வரும். பெட்டி தரும் பலன் இன்றிரவே, இந்த வீட்டுக்கே வருகிறது. அவன் இரவுப்பணிக்குப் போகிறவன். பின்னிரவு ஒரு மணிக்கு வாசல் கேட் திறக்காமல் இருட்டுத் தெருவில் காரோடு நிற்பது டர்பனில் சின்ன அச்சம் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், தெருமுனைகளில் டயர்களை அடுக்கி விடியவிடிய நின்றதையும் கண்ட ஒரு மக்கள், கதவை மூடிக்கொள்ளும் கருவி எதுவானாலும் அதை விரும்பி வாங்குவார்கள். அச்சமும் களைப்பும் இருக்கும் இடத்தில் வசதி என்பது ஓய்வு. ஓய்வைக் குற்றமாக்கிப் பேசுகிறவர்கள் மாற்றத்துக்கு ஆள் சேர்க்க முடியாது.

ஆனாலும் இந்த மண்ணில் நம்மவர்களின், அதாவது தென்னாப்பிரிக்க இந்தியர்களின், வரலாறு முழுவதும் வசதியின் பக்கமே சாய்ந்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் அரசு, ஒப்பந்தக் காலம் முடிந்த கூலித் தொழிலாளர்கள் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆண்டுக்கு மூன்று பவுண்ட் வரி விதித்தது. மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்த வரி இல்லை. தங்குவதற்குக் கொட்டடியும் அளந்து போடும் அரிசியும் பருப்பும் உண்டு. சுதந்திரமாக இருக்க விரும்பினால் மட்டும் வரி. ஏராளமானோர் வேறு வழியின்றி மறு ஒப்பந்தத்துக்குள் போனார்கள். ஆயினும் 1913 அக்டோபரில், அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தபோது, அதே தொழிலாளர்கள் கொட்டடியையும் படியரிசியையும் விட்டு வெளியேறினார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் அது பரவியது. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. அந்த ஆண்டே மூன்று பவுண்ட் வரி நீக்கப்பட்டது.

1984 ஆகஸ்டில் இந்தியர்களுக்கென்று தனி அவை ஒன்றைக் கொடுத்து, கருப்பின மக்களை முற்றிலும் வெளியே நிறுத்திய மூன்று அவை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. பதவி, தனி நிதி, சொந்த விவகாரங்களில் அதிகாரம் எல்லாம் தட்டில் வைத்து நீட்டப்பட்டன. நேட்டால் இந்தியக் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் புறக்கணிக்கச் சொன்னன. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் வாக்களிக்கச் சென்றார். பத்தாண்டுக்குப் பின், 1994இல், எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில், வாக்களித்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் நிறவெறி ஆட்சியை நடத்திய நேஷனல் கட்சியையே ஆதரித்தனர். 84இல் மறுத்தவர்களும் 94இல் தயங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே வீடுகளில் இருந்தவர்கள். நம் குணம் மாறிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்ல மாட்டேன். 84இல் வீடுவீடாக வந்து கதவைத் தட்டிப் பேச ஆட்கள் இருந்தார்கள். மறுத்தவருக்கு அடுத்த வீட்டிலும் மறுத்தவர் இருந்தார். 94இல் கையில் இருக்கும் சிறிய வீடும் வேலையும் போய்விடுமோ என்ற அச்சம் கதவுகளைத் தனித்தனியாகத் தட்டியது.

மின்சாரத்துக்காகவே இதே சாட்ஸ்வர்த்தில் நடந்த போராட்டம் ஒன்றும் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் 1960களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெஸ்ட்கிளிஃப், பேவியூ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகையும் மின்கட்டணமும் கட்ட முடியாமல் தவித்தார்கள். நகராட்சி இணைப்பைத் துண்டிக்கவும் வெளியேற்றவும் ஆட்களை அனுப்பியபோது, இந்தியக் குடும்பங்களும் அங்கே குடியேறியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களும் படிக்கட்டுகளில் சேர்ந்து நின்று தடுத்தார்கள். அறிஞரும் போராளியுமான ஃபாத்திமா மீர் முதுமையிலும் அவர்களோடு வந்து நின்றார். அந்தக் கட்டடங்களில் எவரிடமும் விலகிச் செல்லும் வழி இல்லை. ஒருவருடைய விளக்கு அணைந்தால் எல்லோருடைய விளக்கும் அணையும் என்ற நிலைதான் அவர்களை ஒன்றாக நிறுத்தியது. இன்வெர்ட்டர் அந்த நிலையைத்தான் கலைக்கிறது. அது யாரையும் ஒடுக்குவதில்லை, யாருக்கும் லஞ்சம் கொடுப்பதில்லை; ஒருவருடைய இருட்டு இன்னொருவருடைய இருட்டாக இருப்பதை மட்டும் நிறுத்திவிடுகிறது.

மின்வெட்டு நின்றுவிட்டதே, இனி இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். மின்மாற்றி அதிகச் சுமையில் இருக்கிறது என்று காரணம் காட்டி, காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட ஏழைப் பகுதிகளில் மட்டும் மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் லோட் ஷெட்டிங் நின்ற பிறகும் தொடர்ந்தது. அதற்கு வேறு பெயர். செய்திகளில் சிறிய இடம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் அணைந்தபோது இருந்த கோபம், சில பகுதிகள் மட்டும் அணையும்போது எழுவதில்லை. சாட்ஸ்வர்த்துக்குள்ளேயே உள்ள பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியில் தரையோடு ஓடும் திருட்டுக் கம்பிகளைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோரும் சினத்தோடு பேசுகிறோம். ஆபத்தான கம்பிகள்தான், அதில் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். அங்கே முறையான இணைப்பு கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்திட எங்கள் தெருவில் ஆள் தேடுவது, சினத்தோடு பேச ஆள் தேடுவதைவிடக் கடினமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்? இன்சுலினைக் குளிர்நிலையில் வைக்க வேண்டியவர்கள், மூச்சுக்கருவி வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே சம்பாதிப்பவர்கள் ஆகியோர் தயங்க வேண்டாம். என் தாயாரின் இன்சுலின் ஒருமுறைகூடக் கெட்டுப்போகவில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்தச் செலவு தகும். மற்றவர்கள் முழு அமைப்புக்குக் கடன் வாங்குவதற்கு முன், ரூட்டருக்கும் சில விளக்குகளுக்கும் போதுமான சிறிய பேட்டரிப் பெட்டியோடு தொடங்கிப் பார்க்கலாம். பாதி வீடுகளுக்கு அதுவே போதும். வாங்கியவர்கள் மின்வெட்டுச் செயலியை அழித்துவிடாமல் வைத்திருங்கள். தெருவில் மின்சாரம் போயிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு ஒன்றை, இன்வெர்ட்டர் தாங்காத பக்கத்தில், கூடத்தில் கண்ணில் படும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். மின்பணியாளருக்கு அது பத்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் அந்தப் பச்சை விளக்கு அணைந்தால், பிள்ளைகள் ஆயா வீட்டுக்குப் போய் அவருடைய கைப்பேசியையும் விளக்கையும் சார்ஜ் செய்ய வாங்கி வருகிறார்கள்.

கட்டுமானத் தரம், பேட்டரி, பயன்பாட்டு எளிமை ஆகியவற்றுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். பொருத்துநர்களின் கவனமின்மைக்காகவும் பல்லித் துளைகளுக்காகவும் அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். அடுத்து வாங்குவதானால் ஒரு வீட்டுக்கென்று வாங்கமாட்டேன். எங்கள் கோயில் மண்டபத்துக்கு 8 கிலோவாட் இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரிகளும் கொண்ட அமைப்பு ஒன்றுக்கு விலைப்புள்ளி வாங்கியிருக்கிறோம். தெருவில் உள்ளவர்களின் மருந்துகளுக்காக ஒரு ஃபிரிட்ஜ், சுவர் நெடுக சார்ஜ் முனைகள், பிள்ளைகள் படிக்க மேசைகள் ஆகியவை திட்டத்தில் உள்ளன. பாட்டில்பிரஷ் மக்களும் வரலாமா என்பதில் இரண்டு கூட்டங்கள் கடும் வாக்குவாதமாகக் கழிந்து, வரலாம் என்று முடிவாயிற்று. மின்வெட்டு நேரத்தில் மண்டபச் சாவி யாரிடம் இருப்பது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்போவது அதைத்தான்.